எஸ்எஸ்டி இரண்டே வருடத்தில் தேய்ந்துவிடுமா?

"எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துபோகும், இரண்டு வருடம்தான் தாங்கும், வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும்" என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. (எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகத் தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் கருவி.) பாதி உண்மைதான். எஸ்எஸ்டிக்குள் தகவல் பதிவாகும் நுண்ணிய அறையான ஃபிளாஷ் செல்லில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்ற வரம்பு உண்டு. ஆனால் எவ்வளவு என்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு வாரண்டி 5 வருடம் அல்லது 300 டெராபைட் (3 லட்சம் ஜிபி) எழுத்து, எது முதலில் முடிகிறதோ அது. தினம் 20 ஜிபி எழுதினாலும் (சாதாரண வீட்டில் அதுவே அதிகம்) 300 டெராபைட்டைத் தொட 41 வருடம் ஆகும். அதற்குள் கம்ப்யூட்டரே காயலான் கடைக்குப் போயிருக்கும்!

வாங்கும் முன் தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு 'டிபிடபிள்யூ' (TBW, மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற அளவு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், இதுவரை எழுதிய அளவும் மீதி ஆயுள் சதவீதமும் தெரியும்.

சரி, எஸ்எஸ்டி திடீரென்று பழுதாகாதா? ஆகலாம், ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி எப்படியும் வேண்டும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.