இடைவேளைக்குப் பிறகு அவள் எங்கே?

பாலியல் வன்கொடுமை நடந்த அடுத்த காட்சி குளியலறை. ஷவருக்கடியில் உடையோடு உட்கார்ந்து, தோல் சிவக்கத் தேய்த்துத் தேய்த்து அழுகிறாள். எத்தனை மொழிகளில், எத்தனை படங்களில் இதையே பார்த்துவிட்டோம்! நிஜத்திலும் பலர் உடனே குளிக்கத்தான் நினைப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனை முடியும்வரை குளிக்காதே, அந்தத் துணியைத் துவைக்காதே, தடயம் போய்விடும் என்று சொல்ல ஒரு தோழிகூட அந்தப் படங்களில் வருவதில்லை. இயக்குநருக்குத் தடயம் எதற்கு? அவள்மேல் கறை ஒட்டிவிட்டதாக நாம் நம்பினால் போதும்.

அதற்கு முந்தைய காட்சியும் அப்படித்தான். கத்துவாள், கடிப்பாள், வளையல் உடையும். ஆனால் நிஜத்தில் பலருக்கு அப்படி நடப்பதில்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், வன்கொடுமைக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் உடல் உறைந்து போயிருக்கிறது. கை கால் அசையவில்லை, குரல் எழவில்லை. அப்படி உறைந்தவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்தும் மனப் பாதிப்பு அதிகமாக இருந்தது. திரையில் போராடுகிற பெண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய நாமோ, 'ஏன் கத்தலை?' என்று கூசாமல் கேட்கிறோம்.

அப்புறம் கதை அவளைக் கைகழுவிவிடும். தூக்கில் தொங்குவாள், இல்லையென்றால் கோமாவில் கிடப்பாள். அண்ணனோ காதலனோ போலீஸ்காரரோ கிளம்புவார். வலி அவளுக்கு, படம் இவருக்கு.

உயிரோடு இருந்தால் மட்டும் என்ன? 1989இல் வந்த 'புதிய பாதை'யில் தன்னைச் சீரழித்தவனையே தேடிப்போய்க் கட்டிக்கொண்டு திருத்துகிறாள் கதாநாயகி. பார்த்திபன் இயக்கிய முதல் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. வசனமெல்லாம் பிரமாதம்தான். ஆனால் அவன் பக்கத்தில் படுத்து அவளுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

இத்தனைக்கும் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்துவிட்டது. ஜெயகாந்தன் கதை, பீம்சிங் இயக்கம், லட்சுமிக்குத் தேசிய விருது. வன்கொடுமைக்கு ஆளான கதாநாயகி கங்கா படித்து, நல்ல வேலைக்கும் போய்விட்டாள். ஆனாலும் அண்ணன் வீட்டில் இடமில்லை. படிக்கவைத்த மாமாவே சமயம் பார்த்துக் கை வைக்கிறார். ஒரு நாள் நடந்தது வருடக்கணக்கில் வீட்டுக்குள் எப்படிப் புழங்குகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய தமிழ்ப் படம் எனக்கு வேறு நினைவில்லை.

2022இல் சாரா பாலி எடுத்த 'விமன் டாக்கிங்' பாருங்கள். வன்கொடுமை நடப்பதை ஒரு முறைகூடக் காட்டமாட்டார். ஊரை விட்டுப் போவதா, இருந்து சண்டை போடுவதா என்று, சொந்த ஊர் ஆண்களாலேயே வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் வைக்கோல் பரணில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். நடுவில் ஒருத்திக்குத் திடீரென்று மூச்சு முட்டும். எல்லோருக்கும்தானே நடந்தது, இவளுக்கு மட்டும் என்ன என்று இன்னொருத்தி எரிந்து விழுவாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சரி, பழிவாங்கும் படமே எடுக்கக் கூடாதா என்பீர்கள். தாராளமாக எடுங்கள். அவளை மட்டும் இடைவேளைக்கு முன்னால் கொன்றுவிடாதீர்கள். இரண்டாம் பாதியில் அவளுக்கும் ஒரு வேலை, ஒரு சண்டை, வாய்விட்டுச் சிரிக்க ஒரு காட்சி எழுதுங்கள்.