மச்சு வீட்டுத் திண்ணை

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மச்சு வீடு இருக்கிறது. தெருவில் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய வீடு. இப்போது அதை விற்கப்போவதாகப் பேச்சு. இடித்துவிட்டு நான்கு கடை கட்டலாம், வாடகை வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நல்ல விலை கிடைக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். இதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

அழகான வீடுதான். தெருவிலிருந்து நான்கு படி ஏறினால் இரண்டு பக்கமும் திண்ணை. தரை சிவப்புச் சிமெண்ட், நடுப்பகலில் கை வைத்தாலும் சில்லென்று இருக்கும். திண்ணையின் ஒரு முனையை மட்டும் கொஞ்சம் உயர்த்திச் சாய்வாகப் பூசியிருப்பார்கள், தலை வைத்துப் படுப்பதற்கு. வாசலுக்கு இரண்டு பக்கமும் விளக்கு மாடம். ரேழியைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், கொல்லையில் உறைக்கிணறு. முன்கட்டு மச்சு: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. பின்கட்டு நாட்டு ஓடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தூணைக் கட்டிக்கொண்டு நின்று செல்பி எடுத்துக்கொண்டு போவார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வீட்டை நான் பார்த்தது வேறு மாதிரி.

2018 நவம்பர் 16. ஐப்பசி கடைசி நாள், தீபாவளி முடிந்து பத்து நாள். நள்ளிரவுக்கு மேல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. நான் அப்போது ஊரில் இருந்தேன். இரவு முழுக்க யாரோ லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். விடிந்து கதவைத் திறந்தால் தெருவில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. ஏனென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மரம் இருந்த இடமெல்லாம் வானம். தென்னையை எங்கள் பக்கம் பிள்ளை என்றுதான் சொல்வோம். நட்டுவைத்து ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து காய் பார்த்த பிள்ளைகள், தோப்பு தோப்பாக ஒரே பக்கம் தலை சாய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று எங்கே போனாலும் இதே காட்சி. அப்பா தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

எங்கள் வீடு 1996இல் அப்பா கட்டிய கான்கிரீட் வீடு. ஒரு ஜன்னல் கண்ணாடி போனதைத் தவிர ஒரு சேதமும் இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி காலியாகிவிட்டது. போர்வெல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. போர் போட்டபோது அவரவர் கிணற்றை மூடிவிட்டோம், எங்கள் வீட்டுக் கிணற்றின் மேல்தான் இப்போது கார் நிற்கிறது. ராட்டினமும் கயிறும் வாளியுமாக மிச்சம் இருந்தது மச்சு வீட்டுக் கிணறு ஒன்றுதான்.

அந்த வீட்டில் அப்போது பெரியம்மா மட்டும் இருந்தார்கள். எங்களுக்குச் சொந்தம் இல்லை, தெருவுக்கே பெரியம்மா. எழுபது வயதுக்கு மேல். பின்கட்டில் பாதி ஓடு பறந்து, தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். அதை அவர்கள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்து போட்டுவிட்டு, ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பழைய கயிறு அறுந்துவிட்டது. ஒருவர் நெல் மூட்டை கட்டும் கயிற்றை முறுக்கிக் கொண்டுவந்தார். அப்புறம் அந்த ராட்டினம் இருட்டும் வரை நிற்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் திண்ணையில் ஊரில் எல்லோரும் உட்கார்ந்ததில்லை. காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகவே போவார்கள். தண்ணீர் கேட்டால் தூக்கித்தான் ஊற்றுவார்கள். என் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். வழிப்போக்கருக்காகக் கட்டிய திண்ணை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் எந்த வழிப்போக்கர் என்ற கேள்வியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுத் திண்ணையைப் புகழ எனக்கு விருப்பம் இல்லை.

காலனியில் பாதிக்கு மேல் கீற்று வீடுகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று மத்தியானம் ஒரு பெண், கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பழக்கத்தில் கொல்லைப் பக்கமாகச் சேற்றில் சுற்றி வந்தாள். பெரியம்மா சத்தம் போட்டார்கள்: "ஏம்மா, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு சேத்துல ஏன் சுத்துற? வாசப்பக்கமா ஏறி வா." அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தெருப்பக்கம் வந்து, நான்கு படி ஏறி, ரேழியைத் தாண்டிக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். அந்தக் கிணற்றில் அவர்கள் கையால் இறைத்துக் குடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். புயல் வந்துதான் அது நடக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நடந்தது என்பதில் சந்தோஷமும் உண்டு.

தெருவில் குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து வழி விட்டது காலனி இளைஞர்கள்தான். பின்கட்டு ஓட்டைப் பொறுக்கி மறுபடி அடுக்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். கூலி கேட்கவில்லை. வீடு போனவர்கள் அடுத்தவர் வீட்டு ஓட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். பத்தாயத்தில் நெல் இருக்கிறது, மில் ஓடவில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று சேர்த்தோம். ரேஷன் அரிசி, பொன்னி எல்லாம் ஒரே அண்டாவில். விறகுக்குப் பஞ்சமில்லை, விழுந்த மட்டையும் பாளையும் மலையாகக் கிடந்தன. ஈரம் காயாமல் புகைந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. தேங்காய்க்கும் பஞ்சமில்லை. மிக்சி ஓடாததால் பெரியம்மா வீட்டு அம்மியில் முறை போட்டு அரைத்தார்கள். கஞ்சியும் தேங்காய்த் துவையலும், பத்து நாளும் அதேதான். விழுந்த மரத்துக் காயை அரைக்கும்போது ஒரு அக்கா அழுதுகொண்டே அரைத்தது ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 23 கார்த்திகை தீபம். ஊரே இருட்டு. மெழுகுவர்த்தி கடைகளில் கேட்ட விலைக்கு வாங்க முடியவில்லை. பெரியம்மா மாடத்தில் அகல் ஏற்றினார்கள். அந்த மாடத்தில் காற்று அடித்தாலும் திரி அணையாது, அப்படி உள்வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு விளக்கும் தெருமுனையிலிருந்தே தெரிந்தன.

டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து வயலிலும் சேற்றிலும் கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஆறு பேர் இரவில் படுத்தது அந்தத் திண்ணையில். அந்தச் சாய்வில் தலை வைத்து, காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் தூங்கிப்போனார்கள். யாரும் அவர்களை "வந்து படுங்கள்" என்று கூப்பிடவில்லை. அவர்களும் யாரிடமும் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கஷ்டத்தில் இருப்பவனுக்கு மிகவும் கஷ்டமான வேலை, இன்னொருவர் கதவைத் தட்டி உதவி கேட்பது. எங்கள் வீட்டு கேட்டைத் திறந்து, மணி அடித்து, "கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா" என்று கேட்க யாருக்கு மனசு வரும்? நாங்களும் நல்லவர்கள்தான், கேட்டால் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் யாரும் கேட்கவில்லை. திண்ணையில் கேட்கத் தேவையில்லை, உட்கார்ந்தால் போதும். நல்ல மனசு எல்லா வீட்டிலும் இருக்கிறது, அது தெருவுக்கு வருவதற்குத்தான் இடம் விட்டுக் கட்டுவதில்லை.

மனை இரண்டு கிரவுண்டு என்று இருந்த காலம் வேறு, இப்போது அரை கிரவுண்டில் காரையும் நிறுத்த வேண்டும் என்பீர்கள். சரிதான். பழைய வீட்டை வைத்துக் காப்பாற்றுவதும் லேசில்லை. கரையான் ஒரு பக்கம், ஓடு மாற்ற ஆள் கிடைக்காதது ஒரு பக்கம். பெரியம்மா போன பிறகு பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு எவ்வளவு செலவு செய்வார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் திண்ணையில் என்னோடு தாயம் விளையாடியவர்கள் அவர்கள். இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: விற்பதாக இருந்தால், இடிக்காமல் வைத்துக்கொள்பவராகப் பாருங்கள். கொஞ்சம் விலை குறைந்தாலும் பரவாயில்லை என்று நினையுங்கள். அதுவும் முடியாது என்றால், கிணற்றையாவது மூடாமல் விடுங்கள்.

எங்கள் அப்பா 1996இல் பழைய வீட்டை இடித்தபோது முதலில் போனது திண்ணைதான். காற்றும் தண்ணீரும் இல்லாமல் எங்கள் கான்கிரீட் வீட்டில் படுக்க முடியாமல், கஜா சமயத்தில் நான்கு இரவு எதிர்த் திண்ணையில் படுத்தார். அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. 2019 தை மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு, காம்பவுண்ட் சுவருக்கு வெளியே, எங்கள் பட்டா இடத்திலேயே இரண்டடி அகலத்துக்கு ஒரு மேடை கட்டச் சொன்னார். மேலே தகரத்தில் ஒரு தாழ்வாரம். ஒரு முனையைச் சாய்வாகப் பூசச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். கீரை விற்கும் அம்மா இப்போது தினமும் கூடையை அதில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வெற்றிலை போடுகிறார்.