சமையலறை மறந்துபோகவில்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஆர்க்கிடெக்டாக நான் யாருக்கு ஓர் அறை வடிவமைத்துக் கொடுத்தேனோ, அந்த அக்காவும் பார்த்துவிட்டார். போன பதிவில் நான் போட்ட அந்த அறையின் படங்களையே எடுத்து, “எட்டு லட்சத்துக்கு மாட்டுக்கொட்டகை” என்று தலைப்பு வைத்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, “கிச்சனைக் காணோம் மக்களே” என்று சிரித்த அந்தத் தம்பிக்காக இதை எழுதவில்லை. அவருக்கு வியூஸ் வந்துவிட்டது, நன்றாக இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்துக்கு வந்து “சின்ன வீடா மேடம்?” என்று கேட்டு, தனக்குத்தானே சிரிப்புப் பொம்மையும் போட்டுக்கொண்ட படித்த பெருமக்களுக்காக எழுதுகிறேன்.

சமையலறை மறந்துபோகவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அக்காவுக்குத் தொழில் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துவது. கும்பகோணம் பக்கத்தில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். பழைய ஓட்டு வீடு. அதில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, இரண்டு வாண்டுகள். முதல்நாள் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “மூணு வேளையும் அம்மாகூட உக்காந்துதான் சாப்பிடுவேன். ஆனா வேலை பாக்கும்போது யாரும் வந்து ரிமோட் எங்கன்னு கேக்கக் கூடாதும்மா.” இதைவிடத் தெளிவாக எந்தக் கிளையண்டும் என்னிடம் பேசியதில்லை. வீட்டு அடுப்படிக்கும் புது அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரமும் ஒரு நடையும்தான். அங்கே இன்னொரு அடுப்பு எதற்கு? சிங்க், மேடை, சிலிண்டர், புகைபோக்கி எல்லாம் வைத்திருந்தால் வடக்கு ஜன்னலோரம் இருக்கிற அந்த எட்டடி மேசை இருந்திருக்காது. மேசைதான் வேண்டும் என்றார். மேசையைக் கொடுத்தேன்.

வீடியோவில் இன்னொரு அம்புக்குறி, “கட்டும்போதே விரிசல் விட்டிருக்கு பாருங்க” என்று. அது விரிசல் இல்லை தம்பி, நானே கேட்டு விட்ட ஒரு அங்குல இடைவெளி. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியது, அஸ்திவாரம் ஆழமில்லை. டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். பல வருஷமாக உட்கார்ந்து பழகிய வீடும் நேற்று எழும்பிய அறையும் அந்த மண்ணில் ஒரே மாதிரி இறங்காது. இரண்டையும் செங்கல் கோத்து ஒன்றாகக் கட்டினால் முதல் மழைக்காலத்திலேயே நிஜமான விரிசலைப் பார்க்கலாம். பழைய சுவரை ஒட்டி ஆழமாக அஸ்திவாரக் குழி தோண்டினாலோ அந்தச் சுவர் பிடிமானமில்லாமல் சரியும். அதனால் அறையை நாலடி தள்ளி நிறுத்தினேன். நடுவில் ஒரு நடை; அது பழைய சுவரைத் தொடாமல் நிற்கிற இடம்தான் அந்த ஒரு அங்குலம். நடையின் கூரை அறைப்பக்கமிருந்து நீண்டு வருகிறது, பழைய சுவரில் பாரம் ஏற்றாது. பழைய வீட்டு ஜன்னல்களுக்கும் காற்று அப்படியே கிடைக்கிறது. நடை, அறை, தாழ்வாரம் மூன்றுக்கும் தரை ஒரே மட்டம். அம்மா வாக்கரோடு நடக்கிறவர்.

பழைய ஓட்டுக்கூரைத் தண்ணீர் முழுக்க அந்த நடைப்பக்கம்தான் கொட்டும். அங்கே கூடல்வாய், அதாவது இரண்டு கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய், சரியாக அமையவில்லையென்றால் மற்ற எல்லா வேலையும் வீண். ஒரு சாண் தகரம் போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கொத்தனார் அண்ணாந்து கொல்லை வேப்பமரத்தைப் பார்த்தார், “ஐப்பசியில இலை அடைச்சுக்கும், ஒன்றரை அடி விடுங்க” என்றார். விட்டோம். நடைப்பக்கம் வெளியே தெரிகிற பழைய சுவருக்கு சிமென்ட் பூச வேண்டாம் என்றேன். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட வேண்டும், சிமென்ட் போட்டு அடைத்தால் உப்புப் பூத்து உதிரும். இதையெல்லாம் அம்புக்குறியால் காட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

“அப்போ கொத்தனாரே போதுமே, ஆர்க்கிடெக்ட் எதுக்கு?” கொத்தனார்தான் கட்டினார். அவர் இல்லாமல் நடக்காது. அடுத்த கேள்வி.

“176 சதுர அடிக்கு எட்டு லட்சமா?” முதலில், நடையையும் குளியலறையையும் நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடுத்தது, சின்ன வேலைக்குச் சதுர அடிக் கணக்கு போட்டால் எப்போதும் அதிகமாகத்தான் வரும். அறை பாதியாகச் சுருங்கினாலும் குளியலறைக் குழாய் பாதி விலைக்கு வராது, தேக்குக் கதவு பாதி விலைக்கு வராது. அந்தக் குளியலறையையும் சும்மா ஒரு மூலையில் திணிக்கவில்லை. மேற்கில் வைத்தேன், பிற்பகல் வெயிலை அதன் சுவர் வாங்கிக்கொள்ளும் என்று.

போன பதிவில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியரை இழுத்ததுதான் பலருக்கு எரிச்சல். “வெள்ளைக்காரன் கட்டினா கலை, நம்ம ஆளு கட்டினா கொட்டகையா?” ஐயா, கொட்டகை என்று சொன்னது நானா? சண்டிகரையே திட்டமிட்ட மனிதர், 1952-இல் பிரான்சின் தென்கடற்கரையில், தான் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு சின்ன உணவகத்தின் சுவரை ஒட்டித் தனக்கென்று ஒரு மர அறை கட்டிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். நம் கணக்கில் 12க்கு 12 அடி. உயரம் ஏழரை அடிகூட இல்லை. கழிப்பறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். உணவகத்துக்குப் போக உள்ளேயே ஒரு கதவு உண்டு. சமையலறை கிடையாது! சாப்பாடு பக்கத்தில் இருக்கும்போது அவருக்கும் அடுப்பு தேவைப்படவில்லை. 2016-இல் சண்டிகரில் தலைமைச் செயலகம், சட்டப்பேரவை, உயர்நீதிமன்றம் எல்லாம் இருக்கிற கேபிடல் வளாகத்தோடு சேர்த்து இந்த அறையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. நான் சொன்னது இவ்வளவுதான். அவர் உத்தமர் என்று எங்கும் சொல்லவில்லை. அதே கரையில் ஐலீன் கிரே என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீட்டுச் சுவரில், அவர் அனுமதியில்லாமல் படம் வரைந்து வைத்தவர்தான்.

மனையடி சாஸ்திரக்காரர்களுக்கு: 12 அடி ஆகாது, தெரியும். கார்பூசியர் 1965-இல் அந்தக் கடலில் நீந்தப் போய்த்தான் இறந்தார், அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நம் அறை 11க்கு 16. அக்காவின் அம்மா கேட்டார், செய்தேன். அதில் எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை.

உண்மையில் என்னைக் குடைவது சமையலறை இல்லை, அந்தத் தாழ்ப்பாள்.

நடைக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் அறைப்பக்கம் மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு “குடும்பத்தைப் பிரிக்கிற டிசைன்” என்று ஒருவர். அதற்கு நேர் கீழே “பாவம், அந்தம்மாவைக் கொல்லைப்பக்கம் ஒதுக்கிட்டாங்க” என்று இன்னொருவர். ஒதுக்கிவிட்டார்களா, பிரிந்து போகிறாரா? உங்களுக்குள் முதலில் பேசி முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டு பெட்ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் சார்?

என் அம்மா பிளவுஸ் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். மெஷின் ரேழியில் இருந்தது. விருந்தாளி வந்தால் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டுச் சுவரோரம் தள்ளிவிடுவோம், பாதி தைத்த துணியெல்லாம் கட்டைப்பைக்குள் போய்விடும். அவர்கள் காபி குடித்துக் கிளம்பிய பிறகு அம்மா மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, எந்தக் கை எந்த பிளவுஸுக்கு என்று தேடுவார். தீபாவளி நேரத்தில் அதை ராத்திரி செய்வார், அப்பா தூக்கம் கெடக்கூடாது என்று ரேழி லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு. அப்பாவுக்குக் கூடத்தில் மேசை இருந்தது. ‘ஆபீஸ் மேசை’. அதன்மேல் நான் பார்த்தவரை தினசரிதான் இருந்தது, ஆனால் அதை யாரும் நகர்த்தியதில்லை. அம்மா செய்ததை வேலை என்றே அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. “சும்மா தைக்கிறா” என்பார்கள்.

அக்கா செய்வதையும் “வீட்டுல சும்மா உக்காந்து புக் படிக்கிறதுக்கு ரூமா?” என்று ஒரு பெண்ணே எழுதியிருக்கிறார். அதுதான் வலித்தது.

“கல்யாணமாகிப் போன பொண்ணுக்குப் பிறந்த வீட்டுல எதுக்கு ரூம்” என்று கேட்ட பெரியவருக்கும் ஒரு வார்த்தை. வீடு அக்காவின் அம்மா பெயரில் இருக்கிறது. இந்த அறையைக் கட்டலாம் என்று முதலில் எனக்குப் போன் செய்ததே அக்காவின் தம்பிதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுக்கவும் சட்டம் வந்தாயிற்று. உங்கள் தெருவுக்கு மட்டும் கெஜட் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

படங்களை நீக்கிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “இருக்கட்டும், வீடியோல ஒற்றுப்பிழை எட்டு இருக்கு, அதத்தான் பொறுக்க முடியல” என்றார்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பகலில் இங்கே வந்து கிண்டலடித்தவர்களில் ஒருவர் ராத்திரி இன்பாக்ஸில் வந்து, “மேடம், எங்க வீட்டுப் பின்னாடியும் இதே மாதிரி இடம் இருக்கு, அந்த பிளானை மட்டும் அனுப்புங்க, ஒரு ஐடியாவுக்கு” என்கிறார். அனுப்ப முடியாது சார். உங்கள் மண் வேறு, உங்கள் சுவர் வேறு. வந்து பார்த்துத்தான் வரைய வேண்டும். அதற்கு பீஸ் உண்டு.