வாட் குறைந்தால் சார்ஜ் மிச்சமா?

"வாட் குறைந்த ஹப் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் சைக்கிளே வாங்குங்க, சார்ஜ் மிச்சம். இறக்கத்தில் தானாகவே சார்ஜ் ஏறிடும்." குன்னூர், ஊட்டிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார். நம்பி வாங்கிவிடாதீர்கள்.

வாட் என்பது மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. செலவுக் கணக்கு அல்ல. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்ற, எந்த மோட்டாருக்கும் குறைந்தது 27 வாட்-மணி வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் வித்தியாசம். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும்போது சக்கரம் மெதுவாகச் சுற்றும், அதிலேயே இருக்கும் ஹப் மோட்டாரும் திணறும். கரண்டை அதிகமாக இழுத்து, சுருள் சூடாகும். மேலே போய் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் தெரியும். அத்தனையும் உங்கள் பேட்டரியில் இருந்த சார்ஜ்தான்.

பெடல் அச்சில் பொருத்தும் மிட் டிரைவ் மோட்டார் செயின் வழியாக இழுப்பதால், கியரைக் குறைத்தால் போதும், வேகமாகச் சுற்றிக்கொண்டு சிக்கனமாக ஏறும். கியரை மாற்றாமல் ஏறினால் அதுவும் வீண்தான். செயினும் சீக்கிரம் தேயும். ஊட்டி ஏரியைச் சுற்றி மட்டும் ஓட்டுபவருக்கு ஹப் மோட்டாரே போதும்.

சரி, இறக்கத்துச் சார்ஜ்? உள்ளே கியர் வைத்த ஹப்பிலும், வழக்கமான மிட் டிரைவிலும் சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றாது, அதனால் சார்ஜ் ஏறாது. உள்ளே கியர் இல்லாத ஹப்பில், மோட்டாரின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் ஒத்துழைத்தால், ஏற்றத்தில் செலவானதில் கொஞ்சம் திரும்பும். வீட்டில் முழுச் சார்ஜ் போட்டு நேராக இறங்கினால் பேட்டரியில் அதற்கும் இடம் இருக்காது.