ஆயிரம் தேன்குழலில் ஏழு

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மார்பகப் புற்றுநோய். காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கீமோவுக்குப் போகும்போது நான்தான் துணை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பாக இறங்கும். "ரோஸ்மில்க் மாதிரி இருக்கு தம்பி" என்று சிரித்தவர், மூன்றாம் வாரம் சீப்போடு வந்த முடியை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் பேரன் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாம், இனி மருந்து கட்டிக்கு மட்டும்தான் போகுமாம், முடிகூடக் கொட்டாதாம். "நெசமா தம்பி?"

பாதி நெசம். மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்புவது பழைய வேலை. இதே டாக்ஸோரூபிசின் 1995லேயே அமெரிக்காவில் அப்படி அனுமதி வாங்கிவிட்டது. இதயத்துக்குக் கெடுதல் குறைந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவது கூடியது. சிக்கல் வேறு இடத்தில். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் ஒரு கணக்கு வெளியானது: ஊசியில் போன இந்தக் குமிழி மாதிரியான நுண்துகள்களில் கட்டியை அடைவது, இடைநிலை மதிப்பில், 0.7 சதவீதம்.

ஆச்சிக்கு இப்படிச் சொன்னேன்: கல்யாண வீட்டிலிருந்து ஆயிரம் தேன்குழல் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்வது ஏழு.

"மிச்சம்?"

கல்லீரலும் மண்ணீரலும்தான் வழியில் நிறைய பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அதுக பங்காளிக மாதிரில்ல இருக்கு!"

சரி, கணினிக்கு இங்கே என்ன வேலை? குமிழி எத்தனை நானோமீட்டர், மேலே என்ன மின்னூட்டம், எந்தக் கொழுப்பு எவ்வளவு, வெளியே என்ன பூச்சு என்று சேர்த்துக்கொண்டே போனால் எண்ணி மாளாது. பழைய சோதனை முடிவுகளைப் படித்துவிட்டு, முதலில் இந்த இருபதைச் செய்து பார் என்று அது சலித்துக் கொடுக்கும். சாதாரண உதவியில்லை அது. ஆனால் அது படித்ததில் பெரும்பகுதி எலிக் கணக்கு. ஆய்வகத்தில் எலிக்கு வைக்கும் கட்டி சில வாரத்தில் பெருத்துவிடும், ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருக்கும், துகள் சுலபமாக நுழையும். மனிதக் கட்டி ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளிடம் இடத்துக்கு இடம் வேறு.

எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு விஷயத்தில். பலிக்காத சோதனைகள் ஆய்விதழ்களுக்கு வருவதே குறைவு. தப்புப் போட்ட கணக்கைக் காட்டாமல் பிள்ளைக்கு எப்படிக் கணக்குச் சொல்லித்தருவது? புது மென்பொருளுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தைத் தோற்ற முடிவுகளைச் சேகரிக்கச் செலவழித்தால் அதிகம் பலன் கிடைக்கும் என்பது என் எண்ணம். இதை ஆச்சியிடம் சொல்லவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தக் குமிழி மருந்து நமக்குத் தருவாகளா?"

வியாழக்கிழமை அடுத்த கீமோ. டாக்டரிடம் கேட்க வேண்டும், விலையையும் சேர்த்து.