சாப்பாட்டை எடுத்துவிட்டால் யார் வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடந்ததும், அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். கோபம் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விருந்தினராக வந்த எழுத்தாளர், மேஜையில் வரிசையாக இருந்த தூக்குவாளிகளையும் ஹாட்பேக்கையும் பார்த்துவிட்டு, "இது வாசிப்பு வட்டமா, வளைகாப்பா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று. அவர் ஒரு நாள் வந்துபோகிறவர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் நம் வட்டத்துச் சார் மேல். அன்றைக்கே ராத்திரி ஒன்பதே காலுக்குச் செய்தி போடுகிறார்: "அடுத்த மாதம் முதல் டீ, பிஸ்கட் மட்டும். இலக்கியத்தின் தரம் முக்கியம். சமையல் குறிப்புகளுக்கு ஆர்வமுள்ளவர்கள் தனிக் குழு தொடங்கிக்கொள்ளலாம்." அதற்குப் பதினொரு கட்டைவிரல். பதினொன்றில் ஏழு பேர் என் கையால் சாப்பிட்டவர்கள்.

சார், உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் 2018-ல்தான் இந்தத் தெருவுக்கு வந்தீர்கள். நம் வட்டத்தில் சாப்பாடு இடையில் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. புத்தகம்தான் இடையில் வந்தது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் எங்கள் தெருவில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்று கட்டடத்துக்காரர்கள் ஒரே மொட்டைமாடியில் ஏறினோம். யார் வீட்டில் அரிசி நனையவில்லையோ அவர்கள் அரிசி, யார் சிலிண்டரைத் தூக்கி மேலே கொண்டுவர முடிந்ததோ அவர்கள் சிலிண்டர். மூன்று நாள் ஒரே அண்டாவில் பொங்கினோம். அதுவரை அந்தத் தெருவில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மழை விட்டதும், கீழ்வீட்டு டீச்சரம்மா நனைந்துபோன தன் புத்தகங்களை மேலே எடுத்துவந்து துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். அட்டை உப்பி, பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு, சேற்று வாடையோடு. காய்ந்ததைக் கழற்றிக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினார். குழந்தைகளுக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம். 2016 ஜனவரியில் அதே மாடியில், அதே ஆட்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு மறுபடி கூடினோம். வட்டம் பிறந்தது அப்படித்தான்.

சாப்பாடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, அது நடைமுறையில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குக் கூடுகிறோம், எட்டு மணிக்குக் கலைகிறோம். இந்த நேரம் எந்த நேரம்? வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற நேரம். இந்த வட்டத்துக்கு வருகிற ஒரு பெண், மத்தியானமே ஒரே ஒரு அயிட்டத்தைக் கூடுதலாகச் செய்து எடுத்துவருகிறாள். திரும்பும்போது அவள் டிபன் கேரியரில் நாலு வீட்டுச் சமையல் இருக்கிறது. வீட்டில் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அந்தக் கேரியர்தான். டீயும் பிஸ்கட்டும் அதை வாங்கித் தராது. சாப்பாட்டை எடுத்துவிட்டால் அவள் வர மாட்டாள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சாப்பாட்டை எடுத்துவிட்டால் அவள் வர மாட்டாள்.

இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று கொண்டாடுகிற சீர்காழி ரங்கநாதன் 1931-ல் ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். நூலகத்துக்கு வர முடியாதவன் வாசிக்கத் தகுதி இல்லாதவன் என்று அவர்கள் நினைக்கவில்லை. வண்டியைக் கட்டினார்கள். நம் வட்டத்துக்கு அந்த வண்டி இந்தத் தூக்குவாளிதான்.

சிலர் உடனே சொல்வீர்கள், "சாப்பாட்டு மும்முரத்தில் பேச்சு லேட்டாக ஆரம்பிக்கிறது." ஒப்புக்கொள்கிறேன். போன மூன்று கூட்டமும் ஆறே காலுக்குத்தான் ஆரம்பித்தது. அதற்கு மணி அடித்து ஆரம்பிக்கலாம். முதலில் பேச்சு, பிறகு சாப்பாடு என்று வைக்கலாம். தலைவலிக்குத் தலையை எடுக்க வேண்டியதில்லை.

"சமைக்கச் சொல்வதே பெண்களுக்குச் சுமைதானே, அதை நீங்களே ஆதரிக்கலாமா?" என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டாள். இந்தக் கேள்வி என்னைக் குத்தியது, மறைக்கவில்லை. ஆனால் கேரியர் தூக்கி வருகிற அந்தப் பெண் அன்றைக்கு எப்படியும் சமைக்கத்தான் போகிறாள், அம்மா. வட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும். ஆண்களும் சமைத்து எடுத்துவரட்டும் என்று சொல், முதல் ஆளாக நான் கை தூக்குகிறேன். கல்லூரிப் பையன் ஒருத்தன் மாசாமாசம் எலுமிச்சை சாதம் கொண்டுவருகிறான், ஒருமுறை உப்பு மறந்தான், ஒருமுறை கடலை கருகிவிட்டது, இப்போது அவன் சாதம்தான் முதலில் காலியாகிறது. சார் இத்தனை வருஷத்தில் கொண்டுவந்தது வாழைப்பழம். அதையும் நான் குறையாகச் சொன்னதில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

2020-ல் ஊரடங்கில் ஆன்லைனில் கூடினோமே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடு இல்லை, பேச்சு மட்டும். இரண்டே மாதத்தில் ஐந்து பேர் ஆனோம். அதில் நாலு பேர் ஆண்கள். "அப்போது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், அதனால் பெண்களால் வர முடியவில்லை" என்பீர்கள். அதையேதான் நானும் சொல்கிறேன்.

இப்போது தரத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்னால் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வாசித்தோம். அவர் எழுத்து 2009-ல் நாட்டுடைமை ஆனதால் புத்தகம் வாங்க முடியாதவர்கள்கூட செல்போனில் இறக்கிப் படித்தார்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அவர் நேரில் போய்ப் பார்த்துப் பழகி எழுதியது. கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். சார் மட்டும் இருபத்தைந்து நிமிஷம். நல்ல பேச்சு, இல்லை என்று சொல்லவில்லை. உழைப்பு, சுரண்டல், கதை வடிவம் எல்லாம் வந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா அந்த ஒரு மணி நேரமும் வாயே திறக்கவில்லை. வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, கூட்டத்தில் ஒரு நாளும் பேசியதில்லை. பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். யாரோ கிளிமூக்கு மாங்காயை நறுக்கிக் கல்லுப்பும் மிளகாய்த்தூளும் வைத்திருந்தார்கள். அக்கா ஒரு கல் உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். "எங்கம்மா அளத்துக்குத்தான் போனா" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"பாத்தில நிக்கும்போது வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும் பாத்துக்கோங்க. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் விளக்கைப் பாக்க மாட்டா. முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் எங்களுக்குச் சோறு போடுவா. கால் வெடிப்புல உப்புத்தண்ணி எரியும்லா, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருப்பா. மழை மாசம் அளத்துல வேல கிடையாது. ஐப்பசி, கார்த்திக வந்தா எங்க வீட்ல கடன்தான். நீங்கள்லாம் மழை வந்தா சந்தோசப்படுவிய, எங்களுக்கு மழைன்னா பயம்."

சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். சாரும் நிறுத்தினார். பத்து நிமிஷம் அந்த அக்கா பேசினார். கையில் இருந்த உப்புக்கல்லைக் கடைசிவரை வாயில் போடவில்லை.

சார், அந்த நாவலைப் பற்றி அன்றைக்குப் பேசியதிலேயே தரமான பேச்சு எது? நாற்காலியில் உட்கார்ந்து நாம் பேசியதா, மாங்காய்த் தட்டுக்கு முன்னால் அவர் பேசியதா? டீயும் பிஸ்கட்டும் இருந்திருந்தால் அந்த உப்பு அங்கே வந்திருக்குமா?

அடுத்து நோட்டு. நம்மிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் அந்த மாதப் புத்தகம், யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி. வலப்பக்கம் அன்றைக்கு வந்த சமையலில் ஒன்று, செய்முறையோடு. "புத்தக விவரத்தை மட்டும் புது நோட்டில் சுத்தமாக எழுதி வைக்கலாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் அசுத்தம்? டீச்சரம்மா கையெழுத்தில் இருக்கிற சுண்டக்காய் வற்றல்குழம்புப் பக்கமா? அவர் 2021-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கையெழுத்து நம்மிடம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான், ஓரத்தில் மஞ்சள் கறையோடு. மீனாட்சி அம்மாள் 1951-ல் எழுதிய 'சமைத்துப் பார்' இன்னும் அச்சில் இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடித்தனம் ஆரம்பித்தார்கள். அதுவும் புத்தகம்தான்.

என் அம்மா ஐந்தாவதுவரை படித்தவள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசியால் தைத்து வைப்பாள். தாத்தா பார்த்தால் "அடுப்படியில என்ன படிப்பு" என்பார். அதனால் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். ஒரு தொடரில் ஒரு வாரம் மட்டும் காணோம். அந்தத் தாளை யாரோ ஊறுகாய் ஜாடிக்கு மூடி கட்டிவிட்டார்கள். அம்மா ஒரு கிண்ணம் குழம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சுவருக்குப் போனாள். பக்கத்து வீட்டு அத்தை குழம்பை வாங்கிக்கொண்டு அந்த வாரக் கதையைச் சொன்னாள். கடைசிவரை அம்மா அந்த அத்தியாயத்தைப் படித்ததில்லை, கேட்டதுதான். எனக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடம் வந்தால் அத்தையின் குரலில் சொல்வாள்.

அடுப்படியில் என்ன படிப்பு என்று தாத்தா கேட்டார். படிப்பில் என்ன அடுப்படி என்று சார் கேட்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. சார் நல்ல மனிதர், எங்கள் தெருவுக்கு எத்தனையோ செய்திருக்கிறார். இது அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த தூத்துக்குடி அக்கா நேற்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "நான் இனிமே வரலம்மா. டீ குடிக்க வந்தா வீட்ல ராத்திரிக்கு யாரு பண்ணுவா. நீங்க படிச்சிட்டு வந்து சொல்லுங்க." அதற்கு நான் என்ன பதில் போடுவது என்று கட்டைவிரல் காட்டிய பதினொரு பேரும் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு நான் புளியோதரை கொண்டுவருகிறேன், இருபது பேருக்கு. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அஞ்சு மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், அவரைக் கூட்டிக்கொண்டுதான் மாடி ஏறுவேன்.