சீவாளியின் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்

போன வாரம் ஓர் இசைத்தட்டு வாங்கினேன். எழுபதுகளில் வந்த திரைப்பாட்டுத் தட்டின் மறுபதிப்பு. 'ரீமாஸ்டர் செய்யப்பட்டது, 180 கிராம்', அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது, தட்டு கனமானது என்று அட்டையில் தங்க நிறத்தில் ஒட்டியிருந்தார்கள். அதே தட்டின் பழைய பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா குத்தாலம் பக்கத்தில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சாமி புறப்பாடு என்று சுற்றுவட்டாரமெல்லாம் போய்வந்த தட்டு அது. ஐப்பசி அடைமழையில் அட்டை பூஞ்சை பிடித்து, ஓரம் கிழிந்து கிடக்கிறது.

அதில் ஒரு பாட்டு நாதஸ்வரமும் தவிலுமாகத் தொடங்கும். புதுத்தட்டை வைத்து அந்த இடத்தைக் கேட்டதும் முதலில் அசந்துதான் போனேன். கொரகொரப்பு இல்லை, பளிச்சென்று சத்தம். இரண்டாம் முறை கேட்டபோது ஏதோ குறைந்தது. மூன்றாம் முறை புரிந்துவிட்டது. நாதஸ்வரத்தில் ஊதுகிற ஆளைக் காணோம்.

நான் ஆடுதுறைக்கும் நரசிங்கம்பேட்டைக்கும் நடுவில் வளர்ந்தவன். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிற ஊர் நரசிங்கம்பேட்டை. அந்த வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளியை நாக்கில் நனைத்துக் காற்றை ஏற்றும்போது, நாதம் பிறப்பதற்கு ஒரு நொடி முன்னால் 'ஸ்ர்ர்' என்று ஒரு சிறு உரசல் வரும். கோயில் பிராகாரத்தில் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அது தெரியும். பழைய தட்டில், அத்தனை கீறலுக்கு நடுவிலும் அந்த உரசல் இருக்கிறது. புதியதில் இல்லை. பாட்டு முதலில் பதிவான காந்த நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் உயர்ந்த அதிர்வெண்ணில் பரவிக்கிடப்பதைத் தேடிக் குறைக்கிறது. சீவாளியின் மூச்சும் அங்கேதான் இருக்கிறது. அதிகமாகத் தேய்த்தால் இரைச்சலோடு அதுவும் போய்விடும்.

தவிலுக்கு நடந்தது இன்னும் மோசம். தொப்பி என்கிற இடப்பக்கத்தில் பூவரசங்கழி விழுவதும், வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் கூடு போட்ட விரல்கள் விழுவதும் ஒரே சத்தமாகவா கேட்கும்? புதுத்தட்டில் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கிறது. இரண்டையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். பழையதில் அலை ஏறி இறங்கி நிற்கிறது. புதியதில் அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தாள் மாதிரி எல்லாம் ஒரே மட்டம். மெல்லியதைத் தூக்கி, ஓங்கியதை அமுக்கி, மொத்தத்தையும் சத்தமாக்கியிருக்கிறார்கள். கைபேசியில் கேட்பதற்காகச் செய்த டிஜிட்டல் பிரதியையே தட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள் என்பது என் ஊகம். சத்தம் கூடினால் காது அதை 'நன்றாயிருக்கிறது' என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். ஒப்பிடுகிறவர்கள் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். நானும் அப்படிக் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

180 கிராம் பற்றியும் ஒரு வார்த்தை. கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் எடுக்க நன்றாயிருக்கும். பள்ளத்தில் எதை வெட்டினார்களோ அதைத்தான் ஊசி படிக்கும். கனத்தால் அது மாறாது.

பழசெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. அப்பாவின் தட்டுகளில் பாதி, கனத்த ஊசி உழுது உழுது பாழானவை. தட்டின் வடிவத்திலேயும் ஒரு தொல்லை உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டின் வெளியோரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப்போக அது 21 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கொஞ்சம் மங்கிக் கேட்கிறது. இதைத் தெரிந்து, ஒரு பக்கத்தில் 25 நிமிடத்தைத் திணிக்காமல் நிதானமாக வெட்டிய மறுபதிப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. வீணைத் தட்டு. மீட்டிய தந்தி அடங்கும் வரை காத்திருந்து அடுத்த ஸ்வரம் வருகிறது. பழைய பிரதியில் அந்த இடமெல்லாம் கொரகொரப்புதான். அந்த மறுபதிப்பைச் செய்தவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

அதற்கும் முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளிலிருந்து எடுத்துப் போடுவதில்தான் என் மனம் ரொம்ப ஆறவில்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்தவர், தட்டுக்காகச் சில நிமிடங்களுக்குள் அதை அடக்கிக் கொடுத்தார். அந்தக் காலத் தட்டிலிருந்து ஒலியை எடுப்பவர் முதலில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பள்ளம் அகலமானது, இன்றைய தட்டின் ஊசி அதன் அடியில் கிடந்து ஆடும். அதற்கேற்ற பெரிய ஊசி வேண்டும். இரண்டாவது, தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்ததைக் கூட்டி வெட்டும் கணக்கு. அது 1954 வாக்கில்தான் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏவின் பொது அளவுக்கு வந்தது. அதற்கு முன் ஆளுக்கொரு கணக்கு. இன்றைய கணக்கையே அதன்மேல் போட்டால் நாதஸ்வரம் ஒன்று மூக்கால் பேசும், இல்லையென்றால் போர்வைக்குள்ளிருந்து பேசும். மூன்றாவது வேகம். 80 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். திருவையாற்று ஆராதனைக்கு வருடம் தவறாமல் போகிறவர்கள் காதுக்கு அது உடனே உறுத்தும். வெளியிடுகிறவர்களுக்கு ஏன் உறுத்தவில்லை?

டிஜிட்டல் என்பதாலேயே கெட்டுப்போகும் என்று சண்டை போடுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. நாடாவிலிருந்து நேராக வெட்டியது என்று நம்பி வாங்கிய தட்டுகளில் நடுவே டிஜிட்டலாக மாற்றிய கட்டம் ஒன்று இருந்ததாக 2022இல் அமெரிக்காவில் பெரிய விவகாரமானது. அதுவரை அந்தத் தட்டுகளை மெச்சிக்கொண்டிருந்தவர்கள் பல பேர். நன்றாகச் செய்த டிஜிட்டலைக் காது குறைசொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததுதான் தப்பு.

நான் கேட்பது சின்ன விஷயம். அட்டையின் பின்பக்கம் நாலு வரி போடுங்கள்: மூல நாடாவிலிருந்து எடுத்ததா, தட்டிலிருந்தா, குறுந்தகட்டிலிருந்தா? இரைச்சலை நீக்கினீர்களா? வெட்டியவர் பெயர் என்ன? 3,000 ரூபாய் கொடுக்கிறவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. மூல நாடா ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போய், எடுக்கவே முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இங்கே மழையும் ஈரமும் எங்களுக்குத் தெரியாததா?

கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கம் யாரிடமாவது இந்தத் தட்டின் நல்ல பழைய பிரதி, மைக்செட்டில் ஓடாதது, இருந்தால் சொல்லுங்கள். மழை விட்டதும், தை அறுப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் கேட்போம். தவில் வாசிக்கிற ஒருவரையும் கூப்பிட்டிருக்கிறேன்.